வெள்ளை லினனும் சிவப்புக் கட்டமும்: வெண்டெல் ரோட்ரிக்ஸின் இடம்

2020 பிப்ரவரி 12 அன்று கோவாவின் கொல்வால் கிராமத்தில் ஆடை வடிவமைப்பாளர் வெண்டெல் ரோட்ரிக்ஸ் மறைந்தார். அதையொட்டி வந்த அஞ்சலிகள் மனிதரைப் பற்றி நிறையப் பேசின, அவர் தைத்த உடையைப் பற்றிக் குறைவாகவே பேசின. தன்பால் ஈர்ப்பை மறைக்காமல் வாழ்ந்த துணிவும், கோவாவின் சூழலுக்காக எழுப்பிய குரலும், 2014இல் பெற்ற பத்மஸ்ரீயும் அவற்றில் முன்னிலை பெற்றன. மூன்றும் மதிப்புக்குரியவையே. ஆனாலும் ஓர் ஆடை வடிவமைப்பாளரை எடைபோட வேண்டிய தராசு வேறு: வெட்டு, துணி, அவற்றுக்குப் பின்னுள்ள சிந்தனை.

மும்பையில் வளர்ந்த கோவாக் கத்தோலிக்கர் அவர். விருந்தோம்பல் துறையில் பயின்று மஸ்கட்டில் வேலை பார்த்தார். அங்கே சேமித்த பணத்தில் அமெரிக்காவிலும் பாரிஸிலும் ஆடை வடிவமைப்பு கற்றார். பாரிஸில் தன் வரைபடங்களைக் காட்டியபோது, இவற்றில் உன் நாடு எங்கே என்ற கேள்வி எழுந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1990ஐ ஒட்டி அவர் தொழில் தொடங்கியபோது இந்திய நவநாகரிக உடை என்றால் பெரும்பாலும் கல்யாண உடைதான். ஜர்தோசி என்னும் சரிகை எம்பிராய்டரியின் கனமே விலையைத் தீர்மானித்தது. அந்தச் சந்தையில் எம்பிராய்டரியை ஒதுக்கிவிட்டு வெட்டை மட்டும் நம்பி இறங்கினார் ரோட்ரிக்ஸ். எல்லாரும் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் இறக்கத் துணிந்ததுதான் அவருடைய முதல் சாதனை.

இதன் தொழில்நுட்பக் கடினத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. துணியைக் கிராஸாக வெட்டினால் அது உடலோடு ஒழுகி விழும்; கூடவே துணியும் அதிகம் செலவாகும், இழையும் இழுபடும். ஒரு மூட்டு பிசகினாலும் மறைக்க மணியோ சரிகையோ கிடையாது. அவருடைய நல்ல உடைகளில் தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே கோடு தடையில்லாமல் ஓடுகிறது. அது முழுமையாகத் தையல்காரரின் வெற்றி.

1993இல் மும்பையை விட்டுக் கோவாவுக்குப் பெயர்ந்தது அவர் வாழ்வின் பெரிய முடிவு. அதன் பிறகுதான் அவர் உடைக்கு ஒரு கொள்கை கிடைத்தது. மேற்கில் ரிசார்ட் உடை குளிருக்குத் தப்பிக் கடற்கரைக்குப் போகும் செல்வந்தருக்கானது, இரு பருவங்களுக்கு இடையே வரும் உபரிப் பருவம். ரோட்ரிக்ஸ் அந்த வகையை எடுத்து, ஆண்டு முழுதும் வியர்க்கும் நிலத்துக்கு உரிய அன்றாட உடையாக்கினார். பருவம் என்றிருந்ததைத் தட்பவெப்பம் என்று மாற்றிப் படித்தார். லினன், பருத்தி, தளர்வான அடுக்குகள், வெள்ளை நிறம் எல்லாம் அந்த ஒரு வாசிப்பிலிருந்து தருக்கப்படி பிறந்தவை. இத்தகைய ஒருமை அவர் தலைமுறையில் அரிது. சமகால வடிவமைப்பாளர் ரோஹித் பாலின் அலங்காரத்தில் கற்பனை மிகுதி. ரோட்ரிக்ஸிடம் வாதம் மிகுதி.

வாதம் வலுத்த இடத்தில் வடிவம் தேங்கியதையும் சொல்லியாக வேண்டும். தொடக்க ஆண்டுகளில் கண்டுபிடிப்பாக இருந்த வெள்ளை, பிற்காலத் தொகுப்புகள் பலவற்றில் வழக்கமாகிப்போனது. தளர்வு சில வேளை தீர்மானமின்மையாகத் தெரிகிறது: உடலைப் பற்றி எதுவும் சொல்லாமல் நழுவும் அங்கிகள். இன்னொன்று, இந்த எளிமை யாருக்கு எளிது? ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் கசங்கும் வெள்ளை லினனைத் துவைத்து இஸ்திரி போட வீட்டில் இன்னொருவர் வேண்டும். தட்பவெப்பத்துக்குப் பொருந்திய உடை வாழ்க்கை நிலைக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதை அவருடைய அழகியல் போதுமான அளவு எதிர்கொள்ளவில்லை.

இந்த நிறையும் குறையும் ஒருசேரக் கூர்மையடையும் இடம் குண்பி புடவை. கோவாவின் பழங்குடிப் பெண்கள் வயலில் இறங்க வசதியாக முழங்கால் அளவில் சுற்றித் தோளில் முடிச்சிட்டுக் கட்டிய சிவப்புக் கட்டம் போட்ட கைத்தறிச் சீலை அது. நெசவு ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 2010 வாக்கில் ரோட்ரிக்ஸ் அதைத் தேடி எடுத்து, மீண்டும் நெய்யவைத்து மேடையேற்றினார். நீளத்தைக் கணுக்கால்வரை இறக்கினார், கட்டங்களை மென்மையாக்கினார், வெளிறிய நிறங்களைச் சேர்த்தார். மீட்பு என்ற அளவில் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பெயர்கூட மறந்துபோகவிருந்த ஒரு துணியை நாடு பேசும்படி செய்தார். வடிவமைப்பு என்ற அளவில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தக் குட்டை நீளம் சேற்றில் நடக்கும் காலுக்காக வந்தது. அந்த முடிச்சு நாற்று நடும் கைக்காக வந்தது. உடலுழைப்பு கற்பித்த வடிவத்தை நீக்கிவிட்டு அதன் மேற்பரப்பை மட்டும் காப்பாற்றினால், மீண்டது கட்டம்தான், கட்டு அல்ல. வேலையே வடிவத்தைத் தீர்மானிக்கட்டும் என்று வெட்டில் நம்பிய ஒருவர் இங்கே அந்த நம்பிக்கையிலிருந்து விலகியது வியப்பளிக்கிறது. புதிய குண்பியை வாங்கியவரும் பழைய குண்பியைக் கட்டியவரும் ஒருவரல்லர் என்பது அந்த விலகலின் விளைவு.

ஆனால் அந்த இழப்பை ஈடுசெய்ய முயன்றவரும் அவரே. 2012இல் வெளியான ‘மோடா கோவா’ நூல் கோவாவின் உடை வரலாற்றைப் பழங்காலத்திலிருந்து ஹிப்பிகள் வரை தொடர்கிறது. பானோ பாஜு போன்ற கத்தோலிக்கப் பெண்களின் உடையையும் பழங்குடிச் சீலையையும் ஒரே வரலாற்றில் வைக்கிறது. மேடையில் மாறிப்போன வடிவங்கள் அங்கே தம் உண்மை அளவில் பதிவாகியுள்ளன. கொல்வாலில் தான் வாழ்ந்த பழைய மாளிகையையே உடை அருங்காட்சியகமாக மாற்றும் பணியில் இருந்தபோதுதான் இறந்தார். 2016இலேயே தன் நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பை ஷூலன் ஃபெர்னாண்டஸிடம் ஒப்படைத்திருந்தார். அதன் பின்னும் உடைகள் அடையாளம் மாறாமல் வந்தன. அவர் விட்டுச் சென்றது பிறர் கற்றுத் தொடரக்கூடிய முறை என்பதற்கு அதுவே சான்று.

உத்தியில் முதல் வரிசை, புதுமையின் நீடிப்பில் இரண்டாம் வரிசை என்பதே என் கணிப்பு. உடை வரலாற்றாசிரியராக அவர் செய்ததற்கு, ஒரு வட்டாரத்தின் உடையை முழுதாக ஆராய்ந்து எழுதிய பணிக்கு, அவர் காலத்து இந்திய வடிவமைப்பாளரிடையே எனக்கு இணை தெரியவில்லை.