கலப்பிழையா, பொதியிழையா?

பருத்தியையும் பாலியெஸ்டரையும் சேர்த்து நூற்பதைக் கலப்பு நூல் என்கிறோம். திரவப் படிகப் பல்லுறுப்பி சேர்ந்த இழைக்கும் ‘கலப்பிழை’ என்னும் பெயரே வழங்குகின்றது. இது பொருந்துமா? முன்னதில் இருவகை இழைகள் அருகருகே முறுக்குண்டு கிடக்கின்றன. பின்னதிலோ, பாலிபுரோப்பிலீன் போன்ற பொருளுடன் திரவப் படிகப் பல்லுறுப்பி ஒன்றாக உருக்கப்படுகின்றது. ஆயினும் ஒன்றில் ஒன்று பெரும்பாலும் கரைவதில்லை. உருகிய கலவையை நுண்துளை வழியே செலுத்தி விரைந்து இழுக்கும்போது, திரவப் படிகத் துளிகள் நீண்டு, ஓர் இழைக்குள்ளேயே நுண்ணிழைகளாய் உறைகின்றன. விறைப்பும் வலிமையும் அவற்றால் வருவன. துளிகள் நீளாவிடினும், இரண்டும் நன்கு ஒட்டாவிடினும் அப்பயன் குன்றும். ‘கலப்பு’ பிழையான சொல்லன்று. ஆனால் இவ்வமைப்பைக் காட்டத் தவறுகின்றது. ‘பொதியிழை’ எனின் மாணவர்க்கு உள்ளமைப்பு உடனே விளங்கும். கலைச்சொல் பொருளை விளக்குதல் வேண்டும்; மறைத்தல் ஆகாது.