சிதைவு என்பது யாருடைய சொல்?

இன்கா பாதைக் கட்டுரை என்று ஒரு தனி வகையே உருவாகிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்குக் கணக்கில்லை. இப்போது தமிழிலும் வருகிறது. படித்துப் படித்து அதன் எலும்புக்கூடு எனக்கு மனப்பாடம். முதல் நாள் குஸ்கோவிலிருந்து வண்டி, கோகா இலைத் தேநீர், லேசான தலைவலி. இரண்டாம் நாள் 4,215 மீட்டர் உயரத்தில் ‘இறந்த பெண்ணின் கணவாய்’, மூச்சுத் திணறல், வாழ்க்கையைப் பற்றிய சில யோசனைகள். மூன்றாம் நாள் மேகக்காடு. நான்காம் நாள் விடியலில் சூரிய வாசல், பனி விலகுகிறது, கீழே மச்சு பிச்சு, கண்ணில் நீர். ஏறக்குறைய 43 கிலோமீட்டர் நடந்து முடித்தவர் கடைசிப் பத்தியில் தன்னைக் கண்டடைந்திருப்பார்.

இதைக் கிண்டல் பண்ணுவது சுலபம். நான் அதற்காக இதை எழுதவில்லை. இவற்றில் பல நன்றாகவே எழுதப்பட்டவை. என் புகார் இலக்கணம் பற்றியது. இந்தக் கட்டுரைகளில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: ‘கூடாரம் போடப்பட்டிருந்தது’, ‘சூடாகச் சூப் வந்தது’, ‘காலையில் வெந்நீர் வைக்கப்பட்டிருந்தது’. சூப் தானாக நடந்து வருமா? நடக்கிறவன் தன்னைப் பற்றி எழுதும்போது எல்லாம் செய்வினை: ஏறினேன், விழுந்தேன், வியந்தேன். அடுத்தவர் வேலை வரும் இடத்தில் மட்டும் செயப்பாட்டு வினை. எழுவாய் காணாமல் போகிறது.

அந்த எழுவாய்கள் எத்தனை பேர்? இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் சுமார் 200 பேர்தான் பயணிகள். மிச்சம் எல்லோரும் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமைகாரர்கள். பெரும்பாலும் கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமத்து விவசாயிகள். பயணி கிளம்பிய பிறகு கூடாரத்தைச் சுருட்டி முதுகில் ஏற்றி, அவரை முந்தி ஓடி, அவர் வந்து சேர்வதற்குள் அடுத்த இடத்தில் விரித்து வைப்பார்கள். ஒரு ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று பெரு நாடு 2001இல் சட்டம் போட வேண்டியிருந்தது. சட்டம் போடும் அளவுக்கு நிலைமை இருந்தது என்று அர்த்தம். ஆக, அந்தப் பாதையில் பெரும்பான்மை அவர்கள்தான். கட்டுரையில் மட்டும் ‘நான்’ தனியாக நடந்துகொண்டிருக்கிறேன்.

தமிழ் சினிமா இந்த மறைப்பை இன்னும் வெள்ளந்தியாகச் செய்தது. ‘எந்திரன்’ (2010) படத்துக்காக மச்சு பிச்சுவில் ஒரு பாட்டு எடுத்தார்கள். இடம் தென் அமெரிக்கா, பாட்டின் பெயர் ‘கிளிமாஞ்சாரோ’. அது ஆப்பிரிக்க மலை. யாருக்கும் உறுத்தவில்லை. நமக்கும்தான், தியேட்டரில் விசில் அடித்தோம். இடிபாடு என்று ஆகிவிட்டால் அதற்கு எந்தப் பெயரும் வைக்கலாம், பின்னணியில் யாரையும் ஆட விடலாம். ஆளில்லாத வீடுதானே.

ஆனால் அந்த வீட்டில் ஆள் இருந்தார்கள். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, அதை ‘தொலைந்த நகரம்’ ஆக்கிய ஹிராம் பிங்ஹாமேதான். 1911 ஜூலை 24 அன்று அவரை மேலே கூட்டிப்போனவர் மெல்ச்சோர் அர்தேகா என்ற உள்ளூர் விவசாயி. கூலி ஒரு சோல் நாணயம். மேலே போனால் இன்காக்கள் கட்டிய படிக்கட்டு வயல்களில் இரண்டு குடும்பங்கள் சோளமும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தன. வரி கேட்கிறவர்களும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவர்களும் ஏறி வராத இடம் என்பதால் அங்கே குடியிருந்தார்கள் என்றும் பிங்ஹாம் எழுதுகிறார். அர்தேகா அவர்களோடு கதை பேச உட்கார்ந்துவிட்டார். பிங்ஹாமைக் கற்சுவர்களுக்கு நடுவே கூட்டிப்போய்க் காட்டியது அந்தக் குடும்பத்தில் ஒரு பையன். போதாததற்கு, மூன்று ஜன்னல் கோயிலின் சுவரில் அகுஸ்தின் லிசாரகா என்ற பெயரும் 1902 என்ற ஆண்டும் கரியால் எழுதியிருந்தன.

இதையெல்லாம் தெரிந்தவர்தான் 1948இல் தன் புத்தகத்துக்கு ‘இன்காக்களின் தொலைந்த நகரம்’ என்று தலைப்பு வைத்தார். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், அட்டையில் இல்லை. பின்னால் வந்த பயணிகள் அட்டையை மட்டும் படித்தார்கள். எனக்குப் பிங்ஹாம் மேல் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். பார்த்ததை எழுதும் அளவுக்கு நேர்மை இருந்தது. எழுதியதை நம்பும் அளவுக்கு இல்லை.

நல்ல கவிஞன் வந்தால் இது மாறுமா? பாப்லோ நெருதா 1943இல் அங்கே போனார். 1945இல் ‘மச்சு பிச்சுவின் சிகரங்கள்’ எழுதினார். பன்னிரண்டு பகுதி கொண்ட நெடுங்கவிதை. பாதி வரை நகரத்துச் சலிப்பு. ஆறாவது பகுதியில் மலை ஏறுகிறார். அதன் பிறகுதான் கேள்வி மாறுகிறது: கல் மேல் கல் வைத்தார்களே, அந்த மனிதன் எங்கே, அவன் என்ன சாப்பிட்டான்? கடைசியில் இறந்துபோன உழைப்பாளிகளை எழுந்து வரச் சொல்லி, தன் வாய் வழியாகப் பேச அழைக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான கவிதைகளில் ஒன்று. நான் அதில் ஒரு வரியையும் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒரு நெருடல். செத்தவனுக்கு வாய் கொடுக்கிற கவிதையில், உயிரோடு பக்கத்தில் நிற்கிற கெச்சுவாக்காரனுக்கு இடம் இல்லை. அவனுக்குத்தான் சொந்தமாக வாய் இருக்கிறதே. அதனால்தானோ என்னவோ.

பெருவின் ஹொசே மரியா அர்கேதாஸ் இந்த இடத்தில்தான் வேறு ஆளாகிறார். வெள்ளை வக்கீலின் பிள்ளை. ஆனால் கெச்சுவா வேலைக்காரர்களின் அடுப்படியில் அவர்கள் மொழி பேசி வளர்ந்தவர். ‘ஆழ்ந்த நதிகள்’ (1958) நாவலின் முதல் அத்தியாயத்தில் எர்னஸ்தோ என்ற சிறுவன் குஸ்கோவில் இன்கா சுவரைத் தொட்டுப் பார்க்கிறான். அது மலை உச்சியில் இல்லை. தெருவில் இருக்கிறது, மேலே வெள்ளைக்காரன் கட்டிய மாடி இருக்கிறது. கல் அவனுக்கு ரத்தம் ஓடுகிற ஆறு மாதிரி அசைகிறது. அதே வீட்டு வளாகத்தில் தலை நிமிராத ஒரு கொத்தடிமையையும் பார்க்கிறான். சுவரைக் கட்டியவர்களின் பேரன் அவன். கல்லையும் ஆளையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததுதான் அர்கேதாஸின் சாதனை. அங்கே சிதைவு என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

சரி, அந்தியூரில் உட்கார்ந்துகொண்டு பெருவைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். எனக்கு இந்தக் கேள்விகள் பெருவிலிருந்து வரவில்லை. எங்க ஊருக்கு வடக்கே பர்கூர் மலை நிற்கிறது. வனத்துறையின் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், தாமரைக்கரை, பர்கூர், அப்புறம் கர்நாடகம். அந்த மலையைப் பற்றி வரும் ரீல்களிலும் பதிவுகளிலும் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: ‘மனிதர் காலடி படாத காடு’. இதை எழுதுகிறவருக்கு வழி காட்டியவர் பெரும்பாலும் சோளகர். அவருக்கும் இரண்டு கால் உண்டுங்க.

அந்தக் காட்டில் தொட்டிகள் இருக்கின்றன. தொட்டி என்றால் சோளகர் குடியிருப்பு. ரோடு இல்லாமல் தலைச்சுமையோடு நடந்தே ஏறி இறங்கிய கத்திரிமலை மாதிரி ஊர்கள் இருக்கின்றன. கன்னடம் பேசும் லிங்காயத்துகள் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கிற, செவலையில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாடு இருக்கிறது. ஆடி மாதம் குருநாதசாமி பண்டிகைச் சந்தைக்கு அந்த மாடுகள் கீழே இறங்கி வரும்போது நாம் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி மட்டும் வருவதில்லை.

அந்தக் காட்டுக்கு இலக்கியமும் இருக்கிறது. மாதேஸ்வரன் மலைச் சாமியின் கதையைக் கம்சாளே தாளம் தட்டிக் கன்னடத்தில் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். அதில் வரும் நீலேகவுடனும் சங்கம்மாவும் சோளகர்கள். தேன் எடுக்கப் போகிற புருஷன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுக் காட்டில் வதைக்கிறான். சாமி அவளுக்குத் துணை நிற்கிறார். அந்தப் பாட்டில் காடு ‘இயற்கைக் காட்சி’ இல்லை. வீடு, வேலை, சண்டை எல்லாம் நடக்கிற இடம். நாம் மலையேற்றம் என்று சொல்வதை அவர்கள் போய்வருவது என்று சொல்வார்கள்.

தமிழில் இந்த மலைத்தொடரை உள்ளிருந்து எழுத முயன்ற முக்கியமான நாவல் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004). முதல் பாதியில் கொத்தல்லியின் தலைமையில் ஒரு தொட்டி வாழ்கிறது, மெல்ல நிலத்தை இழக்கிறது. இரண்டாம் பாதியில் வீரப்பன் தேடுதல் வேட்டை. சிவண்ணாவும் மாதியும் படுகிற பாட்டைப் படித்து முடிக்க மனசு கெட்டியாக இருக்க வேண்டும். நாம் பக்தியோடு ஏறுகிற அதே மாதேஸ்வரன் மலையில்தான் ‘ஒர்க்‌ஷாப்’ என்று பேர் வாங்கிய சித்திரவதை முகாம் இருந்தது. இது கற்பனை அல்ல. நீதிபதி சதாசிவா குழு விசாரித்து, தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு தரச் சொன்னது.

இந்த நாவலை எல்லோரும் ‘ஆவணம்’ என்று பாராட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். நான் வேறு காரணத்துக்காக அதைப் பெரிதாக நினைக்கிறேன். அதில் பாதைகள் இருக்கின்றன. யார் எந்த வழியில் எதற்குப் போகிறார்கள், எந்த வழி எப்போது மூடப்படுகிறது என்பதுதான் கதையின் ஓட்டம். இழப்பு என்பது அதில் ஒரு உணர்ச்சி இல்லை. நேற்று போன வழியில் இன்று போக முடியாதது. குறை இல்லையா? இருக்கிறது. இரண்டாம் பாதியில் கொடுமை வரிசையாக வரும்போது ஆட்கள் சில இடங்களில் வாக்குமூலமாகச் சுருங்கிவிடுகிறார்கள். எழுதியவர் சோளகர் அல்ல, அவர்களுக்காக வாதாடிய வக்கீல். நெருதாவின் வாய்ப் பிரச்சினை இங்கேயும் உண்டு. ஆனால் நெருதா செத்தவர்களிடம் கேட்டார், பாலமுருகன் உயிரோடு இருந்தவர்களிடம் கேட்டார். இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அலசலா என்றால், வார்த்தைக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. 2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டத்தில் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்கிறவர் தன் இருப்பை நிரூபிக்க வேண்டும். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம். சான்றாக எவற்றை வைக்கலாம் என்று விதிகள் பட்டியல் போடுகின்றன: அரசுப் பதிவேடுகள், கெசட்டியர்கள், பெரியவர்களின் வாக்குமூலம், அதோடு கிணறு, இடுகாடு, சாமி இடம் மாதிரி மண்ணில் இருக்கிற அடையாளங்கள். அதாவது காட்டுக்குள் நாம் கண்டு ‘ஆஹா, பழங்காலச் சிதைவு’ என்று படம் போடுகிற கல் இன்னொருத்தருக்குப் பட்டா.

பர்கூரில் இது இன்றைய பிரச்சினை. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டது; பிறகு அதை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று குறுக்கியது. 2024இல் அந்தியூர், கோபி பக்கத்துக் காடுகளில் 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வன உயிரின சரணாலயம் ஆனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பட்டிக்காரருக்கு ஏன் வயிற்றைக் கலக்கியது என்று புரியும். காட்டுயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘காலடி படாத காடு’ என்று எழுதுகிற ஒவ்வொரு பதிவும் யார் கையில் காகிதமாகப் போய்ச் சேரும் என்று எழுதுகிறவர் யோசிக்க வேண்டும்.

அதே 2024இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடியினர் வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல விஷயம்தான், வருமானம் வருகிறது. இனி தமிழில் மலையேற்றக் கட்டுரைகள் குவியும். அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சுமைகாரரின் சோகத்தை ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. ‘அவர் சிரிப்பில் ஒரு வலி தெரிந்தது’ என்பது இன்னொரு எலும்புக்கூடு. அது ஏற்கனவே பழசாகிவிட்டது. நான் கேட்பது ரொம்பச் சின்னது. சூப் வந்தது என்று எழுதாதீர்கள், யார் கொண்டுவந்தார் என்று எழுதுங்கள். பாறையின் பெயரைக் கூகுளிடம் கேட்காமல் முன்னால் போகிறவரிடம் கேளுங்கள். அவர் சொல்கிற பெயரை அவர் மொழியிலேயே போடுங்கள். அந்த வழியில் அவர் வழக்கமாக எதற்குப் போவார் என்று கேளுங்கள். தேனுக்கா, மாட்டைத் தேடியா, சம்பந்தி வீட்டுக்கா? அந்தப் பதிலை எழுதிவிட்டால், அதற்கு அடுத்த வரியில் ‘ஆளில்லாத காடு’ என்று உங்களால் எழுதவே முடியாது. கை வராது.