சிட்டியும் சிட்டுக்குருவியும்

முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் 'எந்திரன்' ரசிகன். 2010 அக்டோபர் 1-ஆம் நாள் அந்தப் படம் வெளிவந்தபோது, பாகூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், கூட்டத்தில் சட்டைப் பொத்தான் இரண்டை இழந்து, முதல் வாரத்திலேயே பார்த்தவன். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றவில்லை. ஊற்றியவர்களுக்கு வழி விட்டு நின்றேன். கொசுக்களோடு சிட்டி பேச்சுவார்த்தை நடத்தும் காட்சியில் என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்று விசில் அடித்தார். நானும் சிரித்தேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிவியல் எழுதுகிறவன் சினிமாவைப் பற்றிப் பேசினால், பிழை பிடிக்கவே வந்திருக்கிறான் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். எல்லாப் பிழையையும் பிடிப்பது என் வேலை அன்று. சிட்டியின் வேகம் 1 டெராஹெர்ட்ஸ், நினைவகம் 1 ஸெட்டாபைட் என்கிறது படம். ஒரு டெராஹெர்ட்ஸ் என்றால் நொடியில் ஒரு லட்சம் கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒளியே 0.3 மில்லிமீட்டர் தூரம்தான் போக முடியும். ஏறத்தாழ நகத்தின் கனம். ஒரு ஸெட்டாபைட்டைச் சேமிக்க, மடிக்கணினியில் பொருத்தும் 1 டெராபைட் வட்டுகள் நூறு கோடி வேண்டும். ஒன்று 100 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் ஒரு லட்சம் டன்! அத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டு சிட்டி ரயில் மேல் ஓடுகிறது. ஓடட்டுமே.

கற்பனைக் கதைக்கும் வாசகனுக்கும் ஓர் உடன்படிக்கை உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1897-இல் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் படைத்தார். அவனுடைய விழித்திரையும் ஒளியை உறிஞ்சாமல் விட்டுவிடுமானால் அவனுக்குப் பார்வையே இராது. 1972-இல் முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த இரும்புக்கை மாயாவியும் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவார். அவருக்கும் அதே சிக்கல்தான். அதனால் நாம் புத்தகத்தை மூடி வைத்தோமா? இல்லை. நடவாத ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டு, அதன்பின் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்தான் சுவை. 'என் இனிய இயந்திரா'வில் சுஜாதா படைத்த ஜீனோ என்ற இயந்திர நாயை நாம் கேள்வி கேட்காமல் வீட்டுக்குள் விட்டோம். 'எந்திர'னுக்கு வசனம் எழுதியவர்களில் அவரும் ஒருவர். படம் வெளிவரும் முன்பே, 2008-இல், மறைந்துவிட்டார்.

ஆனால் 2018 நவம்பர் 29-இல் வெளிவந்த '2.0' வேறு வகை.

அதில் பறவையியல் பேராசிரியர் பட்சிராஜன் வருகிறார். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று அதிகாரிகளிடம் முறையிடுகிறார், யாரும் கேட்பதில்லை. கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிர் விடுகிறார். பிறகு அவரும் செத்த பறவைகளும் சேர்ந்து ஒரு சக்தியாகி, ஊரிலுள்ள கைப்பேசிகளையெல்லாம் பறித்து, மொத்த வியாபாரி, கோபுர ஒப்பந்தக்காரர், அமைச்சர் என்று ஒருவர்பின் ஒருவராகப் பழி வாங்குகிறார். ஆயிரமாயிரம் கைப்பேசிகள் சேர்ந்து சிறகடிக்கும் அந்தப் பெரும் பறவை, தமிழ்த் திரையில் நான் கண்ட அற்புதங்களில் ஒன்று. பறவைகளைக் கையில் ஏந்தி அக்ஷய் குமார் கலங்கும் பகுதியும் நெஞ்சைத் தொடுவதுதான்.

இங்கே உடன்படிக்கை மாறிவிட்டதைக் கவனியுங்கள். பேசும் இயந்திரத்தைப் பற்றிப் படம் சொல்வது கதை. கோபுரம் குருவியைக் கொல்கிறது என்பது கதையாகச் சொல்லப்படவில்லை, செய்தியாகச் சொல்லப்படுகிறது. கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் சிட்டியைத் தேடி யாரும் போவதில்லை. ஆனால் தலை நிமிர்ந்து கோபுரத்தைப் பார்க்கிறோம். எங்கள் சிற்றூரில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுவாரமே என்னிடம் கேட்டான்: "சார், நம்ம ஏரிப் பறவைங்கள எல்லாம் டவர்தான் சாகடிக்குதா?"

பாகூர் ஏரியையும், வில்லியனூர்ப் பக்கத்து ஊசுடு ஏரியையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஊசுடு ஏரியைப் புதுவை அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. எல்லைக்கு அப்பாலுள்ள பகுதியைத் தமிழக அரசு 2014-இல் அறிவித்தது. பையன் கேட்டது தன் வீட்டு வாசலைப் பற்றி. அவனுக்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் இயற்பியல். கைப்பேசிக் கோபுரம் வெளிவிடுவது மின்காந்த அலை. ஒளியும் அதே இனந்தான். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துணுக்குக்கு உள்ள ஆற்றல், பச்சை ஒளித் துணுக்கின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. எக்ஸ் கதிர் செய்வது போல உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்க அதனால் ஆகாது. திசுக்களைச் சூடாக்க முடியும். அதற்கு நிறைய அளவு வேண்டும். 2012 செப்டம்பரில் இந்திய அரசு விதித்த உச்சவரம்பு இந்த அதிர்வெண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 0.9 வாட். சித்திரை மாத நண்பகல் வெயில் அதே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் கொட்டுகிறது.

இத்தோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். சூடாக்குவது தவிர வேறு வழியே இல்லை என்று சொன்னால் நானும் அவசரப்பட்டவன் ஆவேன். வலசை போகும் பறவைகள் பூமியின் காந்தப் புலத்தைக் கொண்டு திசை அறிகின்றன. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கென்று மரக்குடிசைகளில் வைத்த ராபின் பறவைகள் திசை தெரியாமல் குழம்பின. குடிசையைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, அதைத் தரையிணைப்புச் செய்ததும் திசை தெளிந்தது. இணைப்பை நீக்கினால் மீண்டும் குழப்பம். பல்கலைக்கழக வளாகத்து மின்கருவிகள் கசியவிட்ட மின்காந்த இரைச்சல்தான் காரணம் என்று 2014-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எவ்வளவு அழகான சோதனை! பட்சிராஜனுக்கு இது தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் அவர்கள் கண்ட இரைச்சலின் அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை. அது மத்திய அலை வானொலி உலவும் பகுதி. கைப்பேசி அலைகள் 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, நூறு மடங்குக்கும் அப்பால் இருக்கின்றன. மேலும் நம் ஊர்ச் சிட்டுக்குருவி வலசை போகும் பறவையும் அன்று; பிறந்த தெருவை விட்டு அதிகம் நகராதது.

அப்படியானால் இயக்குநர் ஷங்கர் வெறுங்காற்றிலிருந்து இதை எடுத்தாரா என்றால், அதுவும் இல்லை. கோபுரங்களால் காட்டுயிர்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆராய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே 2010-இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. முன்னெச்சரிக்கையும் மேலும் ஆராய்ச்சியும் தேவை என்று அந்தக் குழு சொல்லிற்று. கேள்வி நியாயமானதுதான். படம் செய்தது, கேள்வியைத் தீர்ப்பாக மாற்றியது. வெளியீட்டுக்குமுன் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்தது. "பார்த்தாயா, பயப்படுகிறார்கள்!" என்றார்கள் என் ரசிக நண்பர்கள். வியாபாரி மறுப்பதால் ஒரு கூற்று மெய்யாகிவிடாது, பொய்யும் ஆகிவிடாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது டாக்டர் வசீகரன். படத்தின் நாயகர், விஞ்ஞானி. பட்சிராஜனின் வழி தவறு என்கிறார், நோக்கம் சரி என்று முடிவில் ஒப்புக்கொள்கிறார். இடையில் ஒரே ஒரு முறையாவது செத்த குருவியை மேசையில் கிடத்தி, இது எதனால் செத்தது என்று பார்த்தாரா? கிடையாது. ஆவியை அடக்கக் கருவி செய்கிறார். சோதனை மட்டும் செய்யவில்லை.

செய்து பார்த்தவர்களின் கதை ஒன்று இருக்கிறது. எந்தத் திரைக்கதைக்கும் இளைத்ததன்று. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று. கைப்பேசிச் சேவை இந்தியாவுக்கு வந்தது 1995-இல். ஆண்டுகளை மட்டும் பொருத்திப் பார்த்தால் பழி யார்மேல் விழும்? கோபுரத்தின் மேல்தான்; அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! ஆனால் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தது. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்குளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுக்குள் போயிருந்தது. 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 2006-இல் இந்திய அரசு அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அன்று எல்லாரும் கோபுரத்தையே முறைத்துக்கொண்டிருந்தால், இன்று எஞ்சியிருக்கும் சில பாறுகளும் இரா.

சிட்டுக்குருவிக்கு வருவோம். நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பதிந்த கணக்குகளைத் தொகுத்து 2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கால் நூற்றாண்டாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்கிறது. எங்கள் தெருவில் ஏன் குறைந்தது? இது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடும் கூரை வீடும் போய்த் தளம் போட்ட வீடுகள் வந்தன. கூடு வைக்க இடுக்கு இல்லை. களத்தில் கதிர் அடிப்பது நின்றது. அறுவடை இயந்திரம் நெல்லை வாரிக்கொண்டு போய்விடுகிறது. தானியம் தின்னும் குருவியும் தன் குஞ்சுக்குப் புழுபூச்சியைத்தான் ஊட்டும். பூச்சி எங்கே இருக்கிறது?

பூச்சி என்றதும் இன்னொன்று. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூர் வயல்களில் குருணை மருந்து புதிதல்ல. கார்போஃபியூரான் குருணையைத் தானியம் என்று எண்ணிக் கொத்தும் சிறு பறவைக்கு ஒரு குருணையே போதும், உயிர் போக. பறவைகள் கூட்டங்கூட்டமாகச் செத்ததால்தான் அமெரிக்கா 1990-களிலேயே அந்தக் குருணையை ஏறத்தாழக் கைவிட்டது. நம் அரசு 2023-இல் மற்ற வடிவங்களை நிறுத்தியது. 3 சதவீத உறையிட்ட குருணையை மட்டும் அனுமதித்தது. கோபுரம் வேண்டாம் என்று கொம்யூன் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிய பெரியவர் ஒருவரின் திண்ணையில், மனுவுக்குப் பக்கத்திலேயே குருணை மூட்டை இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூட்டையைப் பற்றி யாரும் அவருக்குப் படம் எடுத்துக் காட்டவில்லை.

அந்தப் பையனிடம் "தெரியாது, பார்க்கலாம் வா" என்றேன். 2019 சித்திரையில் நாலைந்து பேராகக் கிளம்பினோம். ஊர்க் கோபுரத்தின் இரண்டாம் தட்டில் காகம் கூடு கட்டியிருந்தது. "பாத்தீங்களா சார், டவரால ஒண்ணும் ஆகல" என்றான் இன்னொருவன். அதுவும் தவறு என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு கூட்டால் எதுவும் தெரியாது. கோபுரத்துக் கூட்டில் எத்தனை குஞ்சு பறந்தது, அதே தெருப் புளியமரத்துக் கூட்டில் எத்தனை, ஏரிக்கரைப் பனையில் எத்தனை என்று இரண்டு மூன்று பருவம் குறித்தால்தான் பேச ஆரம்பிக்கலாம். நீள்சதுர நோட்டில் கோடு போட்டுக் குறித்தோம். மறு சித்திரையில் ஊரடங்கு வந்துவிட்டது. பையன்களை அவரவர் வீட்டார் வெளியே விடவில்லை. அவன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பாதிப் பக்கங்கள் காலி. உங்கள் ஊர்க் கோபுரத்திலும் காக்கைக் கூடு இருக்கும், பக்கத்து மரத்திலும் இருக்கும். நோட்டில் எப்படிக் கோடு போட்டோம் என்று கேட்டு எழுதினால் அனுப்பிவைக்கிறேன்.