கண்ணாடியில் பிறக்கும் தரை

காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் தரைக்கல் சூளைக்குப் போவதே இல்லை. கண்ணாடிப் பலகைமேல் பூ வடிவ உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு உலர்த்தலும் தண்ணீர்த் தொட்டியில் ஊறலும். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. மெருகேற்ற இயந்திரம் கிடையாது. கைவேலை என்பதால் ஒரு கல்லின் பூ இன்னொன்றில் அச்சு அசலாக வராது, அழகே அதுதான்.

நடக்க நடக்க இது மினுங்கும். ஆகவே ஆள் நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கும் முகப்புக்கும் இதைவிடப் பொருத்தமானது அரிது.

சமையலறைக்கு வேண்டாம். சிமென்ட் கல் எண்ணெயை உறிஞ்சும். புளியும் எலுமிச்சையும் அதன் மேல்பரப்பை அரிக்கும். பளிங்குக்கும் இதே பலவீனம் உண்டு. சமையலறைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் நல்லது: அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு.

குளியலறைக்குச் சொரசொரப்பான செராமிக். முற்றத்துக்குக் கடப்பைக் கல்.

படுக்கையறைக்குச் சிவப்பு ஆக்சைடு தரை அருமை. ஆனால் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியும். கைதேர்ந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்தவர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். வெறும் தண்ணீரும், எப்போதாவது துணியில் தொட்ட சில துளி தேங்காய் எண்ணெயும் போதும்.