ஞாபகம் ஒரு அளவுகோலா?

தெப்பக்காட்டில் மைசூர்ச் சாலையிலிருந்து மசினகுடிச் சாலை பிரிகிறது. கூடலூர் பஸ்ஸை விட்டு இறங்கி மசினகுடி பஸ்ஸுக்காக நான் தினமும் காத்து நிற்கும் இடம் அது. பக்கத்தில் மாயாறு, வனத்துறையின் யானைகள் முகாம். பாங்க்கில் கிளார்க் வேலை பார்ப்பவனுக்கு இலக்கியம் பற்றி யோசிக்கக் கிடைப்பது இம்மாதிரியான காத்திருப்புகள்தாம்.

2024 மார்ச்சில் ஒரு காலை, கேரள நம்பர் போட்ட கார் ஒன்று அங்கே வந்து நின்றது. உள்ளே இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். 'குணா' படத்தின் அந்தக் கடிதப் பாட்டு உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், அருகே போய்ச் சத்தத்தைக் குறைக்கும்படி சைகை செய்தார். புலிகள் காப்பகம், நியாயமான காரியம். பையன்கள் குறைத்தார்கள். ஆனால் காவலர் நகரவில்லை. பாட்டு முடியும் வரை கார்க் கதவோரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

இந்தச் சின்னக் காட்சி என்னுடைய ஒரு பழைய கட்டுரையைத் தொந்தரவு செய்தது. 2019-ல் இதே பத்திரிகையில், இளமைக்காலப் பாட்டுகளுக்கு உருகுகிற மனோபாவத்தைக் கொஞ்சம் கடுமையாகவே தாக்கி எழுதியிருந்தேன். வாதம் சுலபமானது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, விஸ்வநாதனோடு இசை முடிந்துவிட்டது என்று ஒரு தலைமுறை சொன்னது. 1992-ல் 'ரோஜா' வந்தபோது, இளையராஜாவோடு முடிந்துவிட்டது என்று அடுத்த தலைமுறை சொன்னது. ரஹ்மானோடு முடிந்துவிட்டது என்று இப்போது என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இசை சாவது சொல்பவனுக்கு முப்பது வயதாகும்போதுதான். ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வயதினரையும் பல காலத்துப் பாடல்களைக் கேட்கச் செய்து, ஒருவருக்குச் சுமார் 23.5 வயதாக இருந்தபோது வெளிவந்த பாடல்களின் மேல்தான் அவருடைய பிரியம் உச்சத்தில் நிற்கிறது என்று 1989-ல் எழுதினார்கள். ஆக, இது ரசனை அல்ல, வயது. விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1949-ல் சொன்னதுபோல, படைப்பு என்ன என்பதை, அது நமக்குள் என்ன செய்கிறது என்பதோடு குழப்பிக்கொள்வது விமர்சனத்தின் தவறு. பழைய பாட்டுக்கு உருகுகிறவன் பாட்டைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்டுக்கொள்கிறான் என்று முடித்திருந்தேன்.

அந்தக் காரிலிருந்த பையன்கள் இந்த வாதத்துக்குள் அடங்கவில்லை. 'குணா' வந்தது 1991-ல். அப்போது அவர்கள் பிறக்கவே இல்லை. மொழியும் அவர்களுடையதல்ல. 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வழியாக அந்தப் பாட்டு அவர்களிடம் வந்திருக்க வேண்டும். இருந்தும் அவர்கள் முகத்தில் நான் பார்த்தது, இழந்துவிட்ட ஒன்றைக் கேட்பவர்களின் முகம். தம்முடையதல்லாத இளமையைக்கூட ஒருவர் இழக்க முடியும் போலிருக்கிறது. 2013-ல் கிரம்ஹான்ஸல், ஸுப்னிக் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு: தங்கள் காலப் பாடல்களுக்கு மட்டுமல்ல, பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களுக்கும் அந்த மாணவர்களின் ஞாபகம் மேலெழுந்தது. வீட்டில் யாரோ கேட்டது பிள்ளைக்கு ஒட்டிக்கொள்கிறது.

என் வீட்டில் என்ன ஒலித்தது என்பதை நான் 2019-ல் எழுதவில்லை. இப்போது எழுதியாக வேண்டும்.

என் அப்பா 1958-ல் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில், பிறந்தவர். 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு செய்தது. அந்த எண்ணிக்கையில் ஒருவராக 1976-ல், 18 வயதில், தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர் வந்தார். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் அரசாங்கம் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. 1976-ல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. சர்க்கார் காகிதத்தில் அப்பாவுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியவர்'. ஊர் வாயில் 'சிலோன்காரன்'. காகிதத்தின்படி அவர் வீடு வந்து சேர்ந்துவிட்டார்; ஆகவே வீட்டை நினைத்து ஏங்க அவருக்கு உரிமையில்லை. ஊர் வாயின்படி அவர் இன்னும் வந்து சேரவே இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே இளமையின் குரல் கொழும்பிலிருந்துதான் வந்தது. 1950-களில் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு ஆகாசவாணியின் கதவை அடைத்தபோது, இந்தியா இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. 1957-ல் விவித் பாரதி வந்தது அதற்குப் பதிலாகத்தான். பிறகும் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை இங்கே விடவில்லை. இங்குள்ளவர்களுக்கு அது நம் பாட்டை நமக்கே அனுப்பித் தந்த அயல்நாட்டு வானொலி. அப்பாவுக்கோ, விட்டு வந்த ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்த குரல். ஒரே அலைவரிசை, இரண்டு ஏக்கங்கள்.

அப்பாவின் பாட்டு ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா தாளத்தில், பாதி சிங்களம் பாதி தமிழாக, ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் கொண்டாட்டப் பாட்டு. நாம் பாப் என்பதை அங்கே 'பொப்' என்பார்கள். மனோகரனுக்குப் 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று பட்டம். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் இந்தப் பாட்டு தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. அப்பா வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பாட்டுக்கு மண்டபம் முகாம் இல்லை, ரேஷன் கார்டுக்கு அலைய வேண்டியதில்லை, அதை யாரும் சிலோன் பாட்டு என்று ஒதுக்கவும் இல்லை.

2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானார். அன்று இரவு அப்பா செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் அழுதது சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டுப்பாடல் ஒன்றுக்காக இருந்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். ஒரு கட்டுரைக்குப் பயன்பட்டிருக்கும். துயரத்துக்குத் தகுந்த பாட்டில்லை இது என்று நினைத்தேன். என் 2019 கட்டுரை அந்த இரவில் பிறந்தது. விம்ஸாட்டையும் பியர்ட்ஸ்லியையும் நான் என் அப்பாவுக்கு எதிராகத்தான் சாட்சிக்கு அழைத்திருந்தேன்.

இதில் என் சொந்த அற்பத்தனம் மட்டுமில்லை. சிறுபத்திரிகை மரபின் ஒரு பழக்கமும் உண்டு. 1980-களில் பிரம்மராஜன் உதகையிலிருந்து 'மீட்சி'யைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் கீழே என் அப்பா கவாத்துக் கத்தியோடும் டிரான்ஸிஸ்டரோடும் இருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இருக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்து, பழைய 'மீட்சி' இதழ்களைத் தேடித்தேடி வாசித்தவன் நான். அந்த இடைவெளியைக் கடந்து வந்தவனும் நான்தான். கடந்து வந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சிரித்தவனும் நான்தான்.

ஏக்கம் என்று நாம் பேசும் இந்த விஷயத்துக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தவர் ஹோஃபர் என்ற ஸ்விஸ் மருத்துவர், 1688-ல். அப்போது அது ஒரு வியாதியின் பெயர்: ஊரை விட்டுப் போனவர்களின் வியாதி. ஊர் திரும்பினால் குணமாகிவிடும். ஸ்விஸ் கூலிப்படையினர் மாடு மேய்ப்பவர்களின் மெட்டைக் கேட்டால் படையை விட்டே ஓடிவிடுவார்கள் என்பதால் அதை இசைப்பதைத் தடை செய்திருந்ததாக ரூசோ தன் இசை அகராதியில் (1768) சொல்கிறார். அந்த மெட்டில் விசேஷமாக ஒன்றுமில்லை என்பதையும் அவர் கவனிக்கிறார். அங்கே வேலை செய்வது இசையல்ல, ஞாபகத்தின் அடையாளம் என்பது அவர் முடிவு. விம்ஸாட் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ரூசோ அழுத சிப்பாயைக் கேலி செய்யவில்லை. பாட்டையும் அழுகையையும் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பாட்டை நிராகரித்த கையோடு அழுகையையும் நிராகரித்துவிட்டேன்.

அந்த மார்ச் காலைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டேன்: "அப்பா, அந்தப் பாட்டுல அப்படி என்ன இருக்கு?"

"அதுல என்னப்பா இருக்கு, மீன் பாட்டு. அப்ப எங்க லயத்துல எல்லாரும் இருந்தாங்க" என்றார்.

நான் கட்டுரை முழுக்க வாதாடிச் சொன்னதை அவர் முதல் பாதியில் விட்டுக்கொடுத்துவிட்டார். பாட்டில் ஒன்றுமில்லை என்பது அவருக்கு எப்போதும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது இரண்டாவது பாதி. அந்த 'எல்லாரும்' பிறகு கூடலூர், கொத்தகிரி, வால்பாறை என்று சிதறினார்கள். சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்ததற்கு அப்பாவிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்த மீன் பாட்டு.

காவலரிடமும் பேசினேன். முகாமைச் சுற்றியிருக்கும் காட்டுநாயக்கர் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தவர். சின்ன வயதில் என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்றேன். "எங்க ஊர்ல ரேடியோ ஏது ஸார். இந்த ரோட்டுல போற பஸ்ஸு பாடுறதுதான். ஊட்டி பஸ்ஸுன்னா தமிழ், மைசூர் பஸ்ஸுன்னா கன்னடம், கேரளா வண்டின்னா மலையாளம். எந்தப் பாட்டும் முழுசாத் தெரியாது. பாதியில பஸ் போயிரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்கு அந்தப் பாட்டத்தான் கடைசி வரைக்கும் கேட்டேன்" என்றார்.

இன்று ஏக்கம் நல்ல விலை போகும் சரக்கு. டெலிவிஷனில் பழைய பாட்டுக்கென்று இரவுகள், தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் என்று ஒரு ஜாதியே. 'குணா' பாட்டை உபயோகித்ததற்காக 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. இசையமைத்தவரின் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டைச் சுற்றிப் படிந்த ஞாபகத்தைத்தான் எல்லாரும் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். இந்தச் சந்தையின் நடுவில் விமர்சகன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டென்று நினைக்கிறேன்: இந்த ஞாபகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா?

என்னையே கேட்டுப் பார்த்தேன். 2004-ல் '7ஜி ரெயின்போ காலனி' வந்தபோது எனக்கு 15 வயது. இன்றும் அந்தப் பாட்டுகள் பஸ்ஸில் வந்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கேட்கும்போது தெரிவது இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பையன் மட்டும்தான். வேறு ஒருவரும் இல்லை. அடுத்த அறையில் அப்பா இருந்திருக்க வேண்டும், அவரும் இல்லை. 2019-ல் நான் எழுதியது ஒருவனைப் பொறுத்தவரை சரி. அந்த ஒருவன் நான்.

லயத்தில் ஒரு வீட்டு ரேடியோ பத்து வீட்டுக்குக் கேட்டதென்றால், அதற்குக் காரணம் சுவர் மெல்லியது, வீடு ஒற்றை அறை. அந்த வறுமையைக் கலாசாரமென்று கொண்டாட நான் தயாரில்லை. அப்பாவின் ஏக்கம் என்னுடையதைவிட உயர்ந்த ரசனை என்றும் சொல்லமாட்டேன். அது ரசனையே அல்ல. அதனாலேயே அதை ரசனையின் அளவுகோலால் அளந்தது பிசகு. ஞாபகத்தால் பாட்டை அளக்கக்கூடாது என்ற என் பழைய வாக்கியம் அப்படியே நிற்கட்டும். பாட்டின் தரத்தால் ஞாபகத்தை அளக்கக்கூடாது என்பதையும் அதன் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

'சுராங்கனி' நல்ல பாட்டல்ல என்று இப்போதும் சொல்வேன். அப்பாவிடம் அல்ல; இங்கே, உங்களிடம்.