ஓய்வுபெற்ற போலீஸ் ரிவால்வர்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10-6

அமெரிக்காவில் பழைய கைத்துப்பாக்கி சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. அதிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் துப்பாக்கி வேண்டாம். ஏதோ ஒரு காவல் துறையில் வேலை பார்த்து, நிறம் தேய்ந்து, ‘போலீஸ் டிரேட்-இன்’ என்ற சீட்டோடு ஓரமாகக் கிடக்கிறதே, அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டெக்சாஸில் ஒரு கடையில் அப்படி வாங்கிய 10-6 ஒன்றைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, சுட்டுப் பழகிய பிறகு இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

எங்கிருந்து வருகிறது?

‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் இந்த வரிசை 1899இல் தொடங்கியது. 1957இல் கம்பெனி தன் துப்பாக்கிகளுக்கு எண் கொடுத்தபோது இதற்கு மாடல் 10 என்று பெயர் வந்தது. அறுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் போலீஸ்காரரின் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் இதுதான். இல்லையென்றால் கோல்ட் கம்பெனியின் ‘அஃபிஷியல் போலீஸ்’.

1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். ஆறு தோட்டா தீர்ந்ததும் சண்டைக்கு நடுவே ரிவால்வரை மறுபடி நிரப்புவது எவ்வளவு சிரமம் என்ற பேச்சு அதன்பிறகு வலுத்தது. காவல் துறைகள் ஒவ்வொன்றாக 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறின. நியூயார்க் காவல் துறை 1993இல் மாறத் தொடங்கி, கடைசி ரிவால்வர்களுக்கு 2018இல்தான் ஓய்வு கொடுத்தது. புதிய பிஸ்டல் வாங்கும்போது பழைய ரிவால்வர்களை வியாபாரியிடம் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது பல துறைகளின் வழக்கம். நம் கைக்கு வருவது அந்தச் சரக்கு. சில நகரங்கள் விற்காமல் அழித்துவிடுவதும் உண்டு.

வெளித்தோற்றம்

என்னுடையது நான்கு அங்குலக் கனத்த குழல் கொண்டது. எடை சுமார் ஒரு கிலோ. குழலின் முனையிலும் சிலிண்டரின் விளிம்பிலும் நீல மெருகு போய் வெள்ளை எஃகு தெரிகிறது. தோலுறையில் நுழைந்தும் வெளிவந்தும் உண்டான தேய்மானம் அது. வால்நட் கட்டைப் பிடியின் அடிமுனையில், கார் கதவிலும் மேசையிலும் இடிபட்ட சிராய்ப்பு. பிடியின் பின்புறம் துறை அடித்த எண். இந்தத் துப்பாக்கி எப்படி வாழ்ந்தது என்பதற்கான சான்று இவ்வளவுதான். எனக்கு இது போதும்.

சிலிண்டரை இடப்பக்கம் தள்ளித் திறந்தால், அதைத் தாங்கும் கை வந்து உட்காரும் சட்டப் பள்ளத்தில் மாடல் எண் பொறித்திருக்கும். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 10-6 என்பது 1962க்கும் 1977க்கும் இடைப்பட்ட கனத்த குழல் வகை. வரிசை எண் பிடியின் அடியில் ‘டி’ எழுத்தோடு தொடங்குவதால், 1968இலோ அதற்குப் பிறகோ செய்தது என்று இன்னும் நெருங்கிச் சொல்லிவிடலாம். குழல் கழன்றுவராமல் குறுக்கே ஒரு சின்ன முளை அறைந்திருக்கிறார்கள். 1982இல் கம்பெனி கைவிட்ட வேலைப்பாடு அது. சேகரிப்பவர்கள் இந்த முளைக்குத் தனி மதிப்புத் தருகிறார்கள்.

உள்ளே எப்படி?

போலீஸ் ரிவால்வரின் சிறப்பே இங்கேதான். ஒரு காவலர் இதைத் தினமும் சுமப்பார். சுடுவது பயிற்சி நாளிலும் தேர்வு நாளிலும் மட்டும். அதனால் வெளியே அடிபட்டும் உள்ளே புதிதாகவும் இருக்கும் துப்பாக்கிகள் ஏராளம். மெருகைப் பார்த்து விலை பேசாதீர்கள். இயக்கத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் அனுமதி கேட்டுச் சோதியுங்கள். சிலிண்டரை ஒரு விரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடி ஹாமரை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டர் ‘கிளிக்’ என்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் தாமதமாகப் பூட்டினாலும் பழுதுச் செலவு உண்டு. பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் தேய்மானம் அதிகம். ஹாமரை ஏற்றி, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் முன்னே தள்ளுங்கள். விழுந்தால் வாங்காதீர்கள். கடைசியாகக் குழலின் பின்வாயைச் சிறு விளக்கு வைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். என்னுடையதில் ஒரு குறையும் தென்படவில்லை.

சுட்டுப் பார்த்தால்

ஹாமரை ஏற்றி வைத்துச் சுடும்போது விசை கண்ணாடிக் குச்சி முறிவதைப் போல் ‘டக்’கென்று விடுகிறது. இழுவையும் தேய்ப்பும் கிடையாது. ஏற்றாமல் விசையை மட்டுமே இழுத்தால் நீண்ட, கனத்த இழுவை. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீர். தட்டைத் தலை கொண்ட 148 கிரெயின் ‘வாட்கட்டர்’ தோட்டாவைப் போட்டு, பதினைந்து கெஜத்தில் நிறுத்திய அட்டையில் சுட்டேன். துளைகள் காகிதம் துளைக்கும் கருவியால் போட்டதுபோல் வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. கனத்த குழல் முனை எம்பாமல் பிடிக்கிறது. காவல் துறைகள் பல காலம் பயன்படுத்திய 158 கிரெயின் ஈயத் தோட்டாவும் கையை வருத்தவில்லை.

குறைகளும் உண்டு. பின்குறி என்பது சட்டத்தின் மேல் வெட்டிய ஒரு பள்ளம் மட்டுமே. திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. முன்குறியும் கறுப்பு என்பதால் மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் கலந்துபோகின்றன. மெல்லிய பிடிக்கும் விசைக்காப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியால் நடுவிரல் கணு அடிபடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பும் சின்ன உலோகத் துண்டு ஒன்றைப் பொருத்தியதும் தொல்லை தீர்ந்தது. துப்பாக்கியில் ஒரு துளைகூடப் போடத் தேவையில்லை.

பழையதைத் தேடுபவர்களுக்கு

இதே வரிசையில் இரண்டாம் உலகப்போர்க்கால ‘விக்டரி’ வகையும் சந்தைக்கு வரும். வரிசை எண் பெரும்பாலும் ‘வி’ எழுத்தில் தொடங்கும். இரண்டு எச்சரிக்கை. பிரிட்டனுக்கு அனுப்பியவை .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. அது வழக்கமான .38 ஸ்பெஷலைவிடக் குட்டையானது, பருத்தது. போருக்குப் பிறகு சிலர் அவற்றின் அறைகளை நீட்டி .38 ஸ்பெஷல் போகும்படி குடைந்துவிட்டார்கள். அப்படிப்பட்டதில் வெற்றுக்கூடு உப்பும், பிளக்கவும் கூடும். சேகரிப்பில் வைக்கலாம், சுட வேண்டாம்.

அடுத்தது, 1944இல் கப்பல் தளத்தில் விழுந்த ஒரு விக்டரி வெடித்துக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதன்பின் ஹாமரைத் தடுக்கும் பட்டையைக் கம்பெனி மாற்றி அமைத்தது. அதற்கு முந்தையதில் தோட்டா நிரப்பி இடுப்பில் செருகாதீர்கள். பிந்தையது எதுவானாலும், பழைய சொந்தக்காரர் யாரும் அந்தப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிடவில்லையே என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சட்டமும் பொறுப்பும்

1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிகளை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது. மாடல் 10 வரிசை 1899இல் தொடங்குவதால் அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கினால், படிவம் நிரப்பி, பொதுவாகப் பின்னணிச் சோதனையும் முடிக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்தவற்றைச் சேகரிக்க அங்கே தனி உரிமம் இருக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் கதையே வேறு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் உரிமத்தோடு வைத்துக்கொள்ளக்கூடியது பொதுவாக இரண்டே துப்பாக்கிதான். தமிழ்நாட்டு வாசகர்கள் பழைய போலீஸ் ஆயுதங்களைப் பார்க்க விரும்பினால் எழும்பூரில் உள்ள காவல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு பெட்டியில் வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு விதிவிலக்கே இல்லை.

தீர்ப்பு

முதல் சேகரிப்புக்கு மாடல் 10-6ஐவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. உறுதியானது, குறி தவறாதது, எந்த ஆண்டு செய்தது என்பதைத் தானே சொல்லிவிடுவது. வெகுதூரக் குறிபார்த்தலே முதன்மை என்பவர்கள் மட்டும் சரிசெய்யும் குறி கொண்ட மாடல் 15ஐப் பாருங்கள். வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேய்ந்த நீலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் மறுமெருகு போட்டுவிடாதீர்கள். அது துறை எண்ணையும் எழுத்தையும் மழுக்கும், சந்தை மதிப்பையும் குறைக்கும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, இருக்கிறபடியே காப்பாற்றுங்கள்.