அல்வாவும் ஆற்று நீரும்

திருநெல்வேலி அல்வாவின் சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேற்றூர் அல்வாவைத் தின்றுவிட்டு, "அந்த ருசி இல்லையே" என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். அது சான்றாகாது. அங்கே தண்ணீர் மட்டுமா வேறு? கோதுமைப் பால் எடுத்த பக்குவம், நெய், அடுப்பின் சூடு, கிண்டிய கை எல்லாமே வேறு. போதாததற்கு, எந்த ஊர் அல்வா என்பது தின்பவருக்கு முன்பே தெரியும்! நெல்லையப்பர் கோயில் எதிரே இருப்பது இருட்டுக்கடைதான். ஆனால் அதன் புகழ் வெளிச்சத்தில் அல்லவா இருக்கிறது?

நியாயமான வழியை ரொனால்டு ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட தம் நூலில், எட்டுக் கோப்பைத் தேநீரைக் கொண்டு விளக்கினார். அதையே அல்வாவுக்குச் செய்து பார்க்கலாம். ஒரே ஆள், ஒரே கோதுமை, ஒரே நெய். தனித்தனியாக எட்டு முறை கிண்ட வேண்டும். நான்கு ஆற்று நீரில், நான்கு வேறு நீரில். எது எதுவென்று அறியாத ஒருவர், வரிசையைக் கலைத்துப் பரிமாறட்டும். ஆற்று நீர் அல்வா நான்கையும் சுவைப்பவர் பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. முற்றும் சரியானது ஒன்றே. மூன்று சரி என்றால் கைதட்டிவிடாதீர்கள். குருட்டாம்போக்கில் எடுத்தாலும் 70-இல் 16 வழிகள் அப்படி அமையும்.